உத்தி எங்கே நின்றது: ஓர் இயந்திரப் பராமரிப்பு நிறுவனத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தொழிற்சாலைகளுக்கு ஏர் கம்ப்ரசர்களை (காற்றை அழுத்தித் தரும் இயந்திரங்களை) விற்று, அவற்றைப் பராமரித்தும் கொடுக்கும் நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்தில் நடந்தவை இங்கே பதிவு செய்யப்படுகின்றன. நிறுவனத்தின் பெயரும் இடமும் ஊழியர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. தேவையான இடங்களில் பதவியைக் கொண்டே ஒவ்வொருவரையும் குறிப்பிட்டிருக்கிறேன். புதிய உத்தி அறிவிக்கப்பட்டு ஓராண்டு கடந்த பின்னும் வருவாயில் எந்த மாற்றமும் தென்படாததால், காரணத்தைக் கண்டறிந்து சொல்லுமாறு நிர்வாக இயக்குநர் மூவர் கொண்ட ஒரு குழுவை அமைத்தார். அக்குழுவில் ஒருவனாக, அதன் பின்னர் நடந்த மாற்றங்களையும் உடனிருந்து கவனித்தேன்.

உத்தி தெளிவானது. இயந்திர விற்பனையில் கிடைத்த லாபம் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துவந்தது. ஒரே தரத்திலான இயந்திரத்தைக் குறைந்த விலைக்குத் தரப் பலர் முன்வந்துவிட்ட சந்தையில் அது இயல்பே. ஆனால் வாடிக்கையாளரின் உண்மையான செலவு இயந்திரத்தின் விலையில் இல்லை. ஒரு கம்ப்ரசரின் ஆயுட்காலம் முழுவதையும் கணக்கிட்டால், அதை வாங்கிய விலையைவிட அது குடிக்கும் மின்சாரத்தின் செலவு பல மடங்கு பெரியது. சரியாகப் பராமரிக்கப்படாத ஆலைகளில், உற்பத்தியாகும் அழுத்தக் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே வீணாகக்கூடும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் நன்கறிந்த செய்தி. இயந்திரம் திடீரென நின்றுவிட்டால் அதை நம்பியிருக்கும் உற்பத்தி வரிசை முழுவதும் நிற்கும். ஆகவே, இயந்திரத்தை விற்பதைவிட அது நிற்காமல் ஓடுவதற்கான பொறுப்பை ஆண்டு ஒப்பந்தமாக ஏற்பதே நிறுவனத்தின் எதிர்காலம் என்றும், மூன்று ஆண்டுகளில் மொத்த வருவாயில் பாதி பராமரிப்பு ஒப்பந்தங்களிலிருந்து வரவேண்டும் என்றும் தலைமைக் குழு முடிவெடுத்தது.

இந்த முடிவில் பிழை இருந்ததாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. செயலாக்கம் தடுமாறும்போது உத்தியையே குறை சொல்லி, அதைக் கைவிட்டு, அடுத்ததற்குத் தாவுவது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. இங்கும் அந்தப் பேச்சு எழுந்தது.

முதல் ஆண்டு

உத்தி அறிவிப்புக் கூட்டம் சிறப்பாகவே நடந்தது. நிர்வாக இயக்குநர் ஆறு சர்வீஸ் மையங்களுக்கும் நேரில் சென்று பேசினார். துறைத் தலைவர்கள் தத்தம் பங்கிற்கு முன்னெடுப்புத் திட்டங்களை வகுத்துத் தந்தார்கள். அவை மொத்தம் 19 ஆயின. வாடிக்கையாளர் செயலி, டெக்னீஷியன்களுக்கான பயிற்சி, ஒப்பந்த விலைப் பட்டியலைத் திருத்துதல், கிடங்கை மறுசீரமைத்தல், தொலைநிலைக் கண்காணிப்பு என ஒவ்வொன்றும் தன்னளவில் பயனுள்ளதாகவே தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு, மாதந்தோறும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டுக் காட்டும் ஓர் அறிக்கை.

பன்னிரண்டாம் மாத அறிக்கையில் 19 திட்டங்களில் 15 பச்சையில் இருந்தன. ஒப்பந்த வருவாயின் பங்கோ தொடங்கிய இடத்திலேயே இருந்தது. இன்னும் கவலை தரும் ஒரு தகவலும் இருந்தது: ஒப்பந்தத்தில் உள்ள இயந்திரங்களுக்கான பழுதுப் புகார்கள், ஒப்பந்தம் இல்லாத இயந்திரங்களுக்கானவற்றைவிட அதிகமாகப் பதிவாகியிருந்தன. பராமரிப்பு அதிகரித்தால் பழுது குறைய வேண்டும். இங்கே நேர்மாறாக இருந்தது. இந்த ஒரு வரைபடத்தை வைத்தே, உத்தி தவறு என்று நிதித் தலைவர் வாதிட்டார். கையில் இருந்த எண்களின்படி அவர் சொன்னது நியாயமாகவே தெரிந்தது.

கவனித்தவை

நாங்கள் முதலில் செய்தது, இடைநிலை மேலாளர்களுடன் தனித்தனியே பேசியது. மேலாண்மை ஆய்வாளர்களான டொனால்ட் சல், ரெபெக்கா ஹோம்க்ஸ், சார்ல்ஸ் சல் ஆகியோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் கேட்டறிந்த இடைநிலை மேலாளர்களில் 55 சதவீதத்தினரால் மட்டுமே தம் நிறுவனத்தின் முதல் ஐந்து முன்னுரிமைகளில் ஒன்றையாவது சொல்ல முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். அதே நிலையைத்தான் இங்கும் காண்போம் என எதிர்பார்த்துச் சென்றோம். ஆனால் இங்கே அனைவருமே உத்தியைச் சரியாகச் சொன்னார்கள். சிலர் இலக்கு எண்ணையும் ஆண்டையும் சேர்த்தே சொன்னார்கள். தகவல் போய்ச் சேராதது குறை அல்ல என்பது இரண்டாம் நாளிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்த கேள்வியை மாற்றினோம். "இந்த உத்திக்காக நீங்கள் செய்வதை நிறுத்திய வேலை எது?" என்று கேட்டோம். ஒருவரிடமும் பதில் இல்லை. பழைய வேலைகள் அனைத்தும் அப்படியே தொடர்ந்தன. அவற்றின் மேல் 19 திட்டங்கள் ஏற்றப்பட்டிருந்தன. சர்வீஸ் மையத் தலைவர் ஒருவரின் நாட்குறிப்பை அவருடைய அனுமதியுடன் பார்த்தபோது, அவர் ஏழு திட்டக் குழுக்களில் உறுப்பினராக இருப்பதும், அவற்றுள் எதற்கும் வாரத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் அவரால் ஒதுக்க முடியவில்லை என்பதும் புலப்பட்டன. அவருடைய பங்கு எல்லா அறிக்கைகளிலும் பச்சை. கூட்டம் நடந்தது, ஆவணம் தயாரானது, பயிற்சி வகுப்பு முடிந்தது என்பவற்றைத்தான் அந்த நிறம் குறித்ததே தவிர, ஒரு வாடிக்கையாளருக்காவது ஏதாவது மாறியதா என்பதை அது குறிக்கவில்லை.

பிறகு டெக்னீஷியன்களுடன் களத்திற்குச் சென்றோம். இந்த ஆய்வின் திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது என்பதால் ஒரு நாளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் நாங்கள் சென்ற ஆலை, ஒப்பந்தத்தில் உள்ள வாடிக்கையாளருடையது. ஸ்க்ரூ வகைக் கம்ப்ரசரின் ஓட்ட நேர மீட்டர், ஆயில் பில்டரையும், காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஆயில் செப்பரேட்டரையும் மாற்ற வேண்டிய கெடுவைத் தாண்டிச் சில நூறு மணி நேரம் ஓடிவிட்டதைக் காட்டியது. டெக்னீஷியன் அட்டவணைப்படி சரியான நாளில்தான் வந்திருந்தார். ஆனால் அவர் கையில் பில்டர் இல்லை. கிடங்கில் இருந்ததா என்று கேட்டோம். இருந்தது. ஏன் எடுத்துவரவில்லை என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்: "புகார் எண் இல்லாம ஸ்டோர்ல பார்ட் குடுக்க மாட்டாங்க சார். சிஸ்டத்துல அந்த எண்ணைப் போட்டாத்தான் பில் வரும்."

கிடங்கு மென்பொருள் பல ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்டது. அப்போது நிறுவனம் செய்துவந்த வேலை பழுது நீக்குவது மட்டுமே. ஆகவே உதிரிபாகம் வெளியேற வேண்டுமானால் அதற்கொரு பழுதுப் புகார் இருந்தாக வேண்டும் என்று விதி அமைத்திருந்தார்கள். திருட்டையும் வீணடிப்பையும் தடுக்க அது நல்ல விதி. கால முறைப் பராமரிப்புக்குப் புகார் எதுவும் இருக்காது என்பதால், அதற்கு உதிரிபாகம் வழங்க அந்த மென்பொருளில் வழியே இல்லை.

அந்த டெக்னீஷியன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மற்றவர்களும் அதையே செய்தார்கள். வாடிக்கையாளரின் பெயரில் ஒரு பழுதுப் புகாரைத் தாங்களே பதிவு செய்து, எண்ணை வாங்கி, பில்டரைப் பெற்று, மாற்றிய பின் "பழுது நீக்கப்பட்டது" என்று ஜாப் கார்டை, அதாவது வேலைப் பதிவு அட்டையை, முடித்துவிடுவார்கள். வேலையைச் செய்து முடிக்க வேண்டும் என்ற அக்கறையில் செய்தது அது. அதில் ஏமாற்று நோக்கம் எதுவும் இல்லை. விளைவு என்னவென்றால், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒவ்வொரு இயந்திரமும் தலைமை அலுவலகத்தின் கணக்கில் பழுதான இயந்திரமாகப் பதிவானது. எவ்வளவு அக்கறையாகப் பராமரித்தார்களோ அவ்வளவு மோசமாக அந்த வரைபடம் காட்சியளித்தது. உத்தி தவறு என்பதற்கு நிதித் தலைவர் சான்றாகக் காட்டியது இதைத்தான்.

இந்த ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் மற்றவற்றை எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்தது. டெக்னீஷியன்களின் மாத மதிப்பீடு, ஒரு நாளில் முடித்த புகார்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்பட்டது. ஒரு கால முறைப் பராமரிப்பு எடுக்கும் நேரத்தில் இரண்டு மூன்று சிறு பழுதுகளை முடித்துவிடலாம் என்பதால், அட்டவணைப் பராமரிப்பு எப்போதும் பிற்பகலுக்குத் தள்ளிப்போய், பிறகு மறுநாளுக்குப் போனது. கிடங்குப் பொறுப்பாளரின் மதிப்பீடு, இருப்பில் முடங்கிய தொகை எவ்வளவு குறைந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே அடிக்கடி நகராத செப்பரேட்டர்களை அவர் கையிருப்பில் வைக்கவே மாட்டார். விற்பனைப் பிரதிநிதிக்குப் புதிய இயந்திரம் விற்றால் அந்த மாதமே ஊக்கத்தொகை. ஒப்பந்தம் பெற்றுவந்தால் பாராட்டுக் கடிதம். ஒன்றுக்கு வெகுமதி கொடுத்துக்கொண்டே வேறொன்றை எதிர்பார்க்கும் பழக்கத்தைப் பற்றி மேலாண்மை அறிஞர் ஸ்டீவன் கெர் 1975-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். இங்கே மூன்று துறைகளில் ஒரே நேரத்தில் அதைக் கண்டோம்.

இவர்களில் யாரும் உத்தியை எதிர்க்கவில்லை. ஒவ்வொருவரும் தம் வேலையைத் தமக்குச் சொல்லப்பட்ட விதிப்படி நன்றாகவே செய்தார்கள். அந்த விதிகள் அனைத்தும் சேர்ந்து பழைய உத்தியைத்தான் நாள்தோறும் நிறைவேற்றிக்கொண்டிருந்தன. 19 திட்டங்களில் ஒன்றுகூட அந்த விதிகளைத் தொடவில்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

எங்கள் அறிக்கைக்குப் பின் தலைமைக் குழு இரண்டு நாட்கள் கூடியது. முதலில் முன்வைக்கப்பட்ட யோசனை, ஒப்பந்தங்களுக்கென ஒரு தனித் துறையை ஏற்படுத்துவது. அது வேகமாகத் தெரிந்தது. ஆனால் அந்தத் துறையும் அதே கிடங்கிலிருந்து உதிரிபாகம் கேட்டு, அதே டெக்னீஷியன்களை நம்பி, அதே பிரதிநிதிகள் வழியே வாடிக்கையாளரைச் சந்திக்க வேண்டியிருக்கும். முன்பு குறிப்பிட்ட 2015 ஆய்விலேயே, பிற துறைகளில் உள்ள சக ஊழியர்களை எப்போதும் நம்பலாம் என்று சொன்ன மேலாளர்கள் 9 சதவீதம்தான். துறைகளுக்கிடையே சிக்கியிருக்கும் ஒரு வேலைக்கு மேலும் ஒரு துறையைச் சேர்த்தால் கைமாறும் இடங்கள் கூடுமே தவிரக் குறையாது என்ற வாதம் ஏற்கப்பட்டு, யோசனை கைவிடப்பட்டது.

முதல் முடிவு, 19 திட்டங்களை 4 ஆகக் குறைப்பது. இதில்தான் அதிக நேரம் போனது. எதையும் நிறுத்த வேண்டாம், முன்னுரிமை வரிசை மட்டும் போடலாம் என்பது பலரின் விருப்பம். நாங்கள் அதை ஏற்காததற்குக் காரணம், ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய எளிய சமன்பாடு: ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை என்பது, வேலைகள் முடிந்து வெளியேறும் வேகத்தையும் ஒரு வேலை உள்ளே செலவிடும் காலத்தையும் பெருக்கினால் வருவது. அதே ஆட்கள், அதே வேகம் என்றிருக்கும்போது உள்ளே கிடக்கும் வேலைகள் நான்கு மடங்கானால், ஒவ்வொன்றும் முடிய ஆகும் காலமும் சராசரியாக நான்கு மடங்காகும். வரிசைப்படுத்துவதால் இது மாறாது; நிறுத்துவதால்தான் மாறும். ஆகவே 15 திட்டங்கள் எழுத்துப்பூர்வமாக நிறுத்தப்பட்டன. அவற்றின் பொறுப்பாளர்களை நிர்வாக இயக்குநர் தனித்தனியே அழைத்து, நிறுத்தத்திற்கு அவர்களுடைய செயல்திறன் காரணமல்ல என்று சொன்னார். இந்தச் சந்திப்புகள் மிக அவசியமானவை என்று கருதுகிறேன். சத்தமின்றிக் கைவிடப்படும் திட்டங்கள், அவற்றில் உழைத்தவர்களுக்கு அடுத்த அறிவிப்பின் மீதும் நம்பிக்கை இல்லாமல் செய்துவிடுகின்றன.

இரண்டாவது முடிவு, எஞ்சிய நான்கும் விதி மாற்றங்களாகவே இருக்க வேண்டும் என்பது. கால முறைப் பராமரிப்புக்கெனத் தனி எண் வரிசையைக் கிடங்கு மென்பொருளில் உருவாக்குவது ஒன்று. அதற்கு மென்பொருள் பிரிவுக்குத் தேவைப்பட்ட உழைப்பு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. டெக்னீஷியன் மதிப்பீட்டில் புகார் எண்ணிக்கையை எடுத்துவிட்டு, கெடு தவறாமல் முடிந்த பராமரிப்பு வருகைகளின் விகிதத்தை வைப்பது மற்றொன்று. ஒப்பந்த இயந்திரங்களுக்கான சர்வீஸ் கிட்டை (பராமரிப்பு உதிரிபாகத் தொகுப்பை) இருப்புக் குறைப்புக் கணக்கிலிருந்து விலக்குவது மூன்றாவது. விற்பனை ஊக்கத்தொகையில் ஒரு பகுதியை ஒப்பந்தத்திற்கும், அது அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படுவதற்கும் மாற்றுவது நான்காவது.

மூன்றாவது முடிவு, ஆறு மையங்களிலும் ஒரே நாளில் தொடங்காமல் ஒரு மையத்தில் மட்டும் தொடங்குவது. நிதித் தலைவர் இதை வற்புறுத்தினார். விதிகள் ஒன்றோடொன்று எப்படி மோதும் என்பதை முன்கூட்டியே காகிதத்தில் கண்டுவிட முடியாது என்பது அவர் வாதம். அது சரியான வாதம் என்பது பின்னர் உறுதியானது.

இலக்குகளை வகுத்த முறையும் மாறியது. ஜப்பானிய நிறுவனங்களில் 1960-களில் உருவான ஹோஷின் கான்ரி முறையில், மேலிடம் ஓர் இலக்கை முன்வைக்கும். கீழ் மட்டத்தினர் அதை எப்படி எட்டலாம், எது முடியாது, அதற்கு என்ன வேண்டும் என்று திருப்பி அனுப்புவார்கள். இருதரப்பும் ஒத்துப்போகும்வரை அது மேலும் கீழுமாகப் போய்வரும். இங்கே அதன் முழு வடிவத்தையும் கொண்டுவரவில்லை. தேர்ந்தெடுத்த மையத்தில் தலைவர், கிடங்குப் பொறுப்பாளர், மூத்த டெக்னீஷியன்கள் இருவர், பிரதிநிதி ஒருவர் ஆகியோர் தலைமைக் குழுவுடன் மூன்று முறை அமர்ந்து பேசினார்கள். "வருகைகளில் 95 சதவீதம் கெடுவுக்குள்" என்ற மேலிடத்தின் இலக்கை மூத்த டெக்னீஷியன் ஒருவர் ஏற்க மறுத்தார். ஆலை இயந்திரத்தை நிறுத்தத் தருவது வாடிக்கையாளரின் உற்பத்தி அட்டவணையைப் பொறுத்தது என்பதால், ஓட்ட நேரக் கெடுவுக்கு முன்னும் பின்னும் ஓர் இடைவெளி வேண்டும் என்றார். இடைவெளி தரப்பட்டது. அதன் பிறகு அந்த எண் டெக்னீஷியன்களுடைய எண்ணாகவும் ஆனது.

மாத அறிக்கைக்குப் பதிலாக, அந்த மையத்தில் வாரம் ஒருமுறை அரை மணி நேரக் கூட்டம் வைக்கப்பட்டது. நிறங்கள் இல்லை. சென்ற வாரம் கெடு தவறிய வருகைகள் எவை, ஒவ்வொன்றும் எதனால் தவறியது, அந்தக் காரணத்தை நீக்க யாருடைய கையெழுத்து வேண்டும் என்பவை மட்டுமே பேசப்பட்டன. கையெழுத்து தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டியதாக இருந்தால், இரண்டு வேலை நாட்களுக்குள் ஆம் அல்லது இல்லை என்ற பதில் வரவேண்டும் என்று நிர்வாக இயக்குநர் ஒப்புக்கொண்டார்.

தொடர்ந்து நடந்தவை

தனி எண் வரிசை நடைமுறைக்கு வந்த முதல் மாதமே, அந்த மையத்தின் ஒப்பந்த இயந்திரங்களுக்கான பழுதுப் புகார்கள் செங்குத்தாகச் சரிந்தன. தலைமைக் குழுவில் சிலர் அதை வெற்றியாக அறிவிக்க விரும்பினார்கள். அது கணக்கு திருந்தியதால் வந்த சரிவு. இயந்திரங்களின் நிலை இன்னும் மாறவில்லை. பழைய ஜாப் கார்டுகளைப் படித்து, எவை உண்மையான பழுதுகள், எவை எண்ணுக்காகப் பதிவானவை என்று பிரித்து, புதிய அடிப்படைக் கோட்டை வரையும்வரை எந்த ஒப்பீடும் வெளியிடுவதில்லை என்று முடிவானது. அந்தப் பிரிப்பை நிதித் தலைவரே ஏற்றுச் செய்தார். ஒப்பந்த இயந்திரங்கள் முதல் ஆண்டிலேயே மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் பழுதாகியிருக்கின்றன என்பதை அவருடைய அட்டவணைதான் உறுதிப்படுத்தியது. அதன் பிறகு உத்தி சரியா தவறா என்ற பேச்சு எழவில்லை.

விற்பனைப் பக்கம் கடினமாக இருந்தது. ஊக்கத்தொகை விதி மாறிய காலாண்டில் இயந்திர விற்பனை குறைந்தது; நீண்ட அனுபவமுள்ள இரண்டு பிரதிநிதிகள் விலகிச் சென்றார்கள். ஐந்தாம் மாதம் நடந்த தலைமைக் குழுக் கூட்டத்தில் பழைய விதியையே தற்காலிகமாகக் கொண்டுவரலாம் என்ற கோரிக்கை வந்தது. நிர்வாக இயக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அதைத் திரும்பக் கொண்டுவந்தால், ஒப்பந்தம் பேசிவரும் பிரதிநிதிகளிடம் அடுத்த மாதம் என்ன சொல்வது? கோரிக்கை கைவிடப்பட்டது. ஆனால் இழப்பு உண்மையானது. அந்தப் பிரதிநிதிகளுடன் நல்லுறவில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலரும் அவர்களுடன் போனார்கள்.

எதிர்பாராத ஒரு விளைவும் வந்தது. கெடுவுக்குள் முடிந்த வருகைகளின் விகிதம் உயர்ந்துகொண்டே போனபோது, வருகைகளின் கால அளவு குறைந்துகொண்டே வந்தது. செப்பரேட்டர் மாற்றம், ஆயில் மாற்றம், குழாய் வழிக் கசிவுச் சோதனை ஆகியவை அடங்கிய ஒரு வருகையை அரை மணி நேரத்தில் முடித்ததாகச் சில கார்டுகள் காட்டின. சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் 1975-ல் பணக் கொள்கை பற்றி எழுதும்போது சுட்டிய அதே இயல்புதான்: கட்டுப்படுத்துவதற்காக ஓர் அளவீட்டைப் பிடித்தவுடன், அது அதுவரை காட்டிவந்ததைக் காட்டாமல் போகிறது. தண்டனை விதி கொண்டுவருவதை மையத் தலைவர் ஏற்கவில்லை. கழற்றிய பழைய பில்டரையும் மீட்டர் காட்டும் எண்ணையும் படமெடுத்துக் கார்டுடன் இணைப்பது, வருகை முடிந்தவற்றில் சிலவற்றை மூத்த டெக்னீஷியன் மறுநாள் போய்ப் பார்ப்பது என்ற இரண்டு நடைமுறைகளை அவர் ஏற்படுத்தினார். அவசர அவசரமாக முடிக்கப்படும் வருகைகள் ஏறக்குறைய நின்றன. வருகைக்குரிய நேரத்தையும் அவர் மறுகணக்கிட்டார். பழைய கணக்கில் பயண நேரம் சேர்க்கப்படாமலேயே இருந்தது அப்போதுதான் தெரியவந்தது.

அடுத்த ஓராண்டில் மேலும் நான்கு மையங்களுக்கு இந்த முறை விரிவாக்கப்பட்டது. முதல் மையத்தின் மூத்த டெக்னீஷியன்களே ஒவ்வொரு புதிய மையத்திலும் சில வாரங்கள் தங்கினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து யாரும் பயிற்சிக்குப் போகவில்லை. மூன்று மையங்களில் முறை வேரூன்றியது. நான்காவதில் ஊன்றவில்லை. அங்கே வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் வெகு தூரத்தில் இருந்தார்கள். இயந்திரங்களும் மிகப் பழையவை. ஒரு வருகைக்கு ஆகும் பயணச் செலவே ஒப்பந்தத் தொகையில் பெரும்பகுதியை விழுங்கியது. அங்கே விதியில் குறை இல்லை, ஒப்பந்த விலையில்தான் குறை இருந்தது. ஆறாவது மையத்தில் தொடங்குவது அதனால் ஒத்திவைக்கப்பட்டது.

மூன்றாம் ஆண்டின் முடிவில் ஒப்பந்த வருவாயின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டியிருந்தது. பாதி என்ற இலக்கு எட்டப்படவில்லை. முதல் ஆண்டு முழுவதும் அசையாமல் நின்றதையும், விற்பனையில் ஏற்பட்ட இழப்பையும் கணக்கில் கொண்டு தலைமைக் குழு இலக்கின் காலத்தை நீட்டித்தது, எண்ணைக் குறைக்கவில்லை.

மாற்ற வேண்டியவை

இதே சூழலில் இருக்கும் வேறொரு நிறுவனம் தொடங்குவதானால், சில விஷயங்களை வேறு வரிசையில் செய்ய வேண்டும் என்பது எங்கள் குழுவின் ஒருமித்த கருத்து.

முதலாவதாக, திட்டங்களைக் கேட்பதற்கு முன் விதிகளைத் தேட வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, அது கையெழுத்தானது முதல் முதல் வருகை முடிந்து பில் போகும்வரை ஒவ்வொரு படிவத்தையும் ஒவ்வொரு அனுமதியையும் உடன்நடந்து பார்த்திருந்தால், புகார் எண் சிக்கல் சில நாட்களிலேயே வெளிப்பட்டிருக்கும். அதற்கு ஓராண்டும் 19 திட்டங்களும் தேவைப்பட்டிருக்காது. அப்படி நடந்து பார்ப்பவர் துறைத் தலைவராக இருந்தால் மேலும் நல்லது; அறிக்கை வழியாக இது தலைமைக்கு ஒருபோதும் வந்துசேராது, ஏனென்றால் விதியைச் சமாளித்து வேலையை முடிக்கத் தெரிந்த ஊழியர் அதைப் புகாராகச் சொல்வதில்லை.

இரண்டாவதாக, விற்பனைப் பிரதிநிதிகளிடம் முன்பே பேசியிருக்க வேண்டும். ஊக்கத்தொகை மாற்றம் ஒரு சுற்றறிக்கை வழியாகத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. இயந்திரம் விற்கும் திறமையும் ஒப்பந்தம் பேசும் திறமையும் வேறு. முதலாவதில் தேர்ந்த ஒருவர் இரண்டாவதைக் கற்கும் காலத்தில் அவருடைய வருமானத்தைக் காக்கும் ஏற்பாடு ஒன்று இருந்திருந்தால், விலகிய இருவரில் ஒருவராவது தங்கியிருப்பார் என்று அவர்களுடைய பழைய மேலாளர் நம்புகிறார். டெக்னீஷியன்களுடன் மூன்று முறை அமர்ந்து பேசிய பொறுமையை விற்பனைப் பிரிவுக்கும் காட்டியிருக்கலாம்.

மூன்றாவதாக, விரிவாக்கத்திற்கு முன் ஒவ்வொரு மையத்திற்கும் உளவியலாளர் கேரி கிளைன் 2007-ல் எழுதிய பயிற்சியைச் செய்திருக்க வேண்டும்: திட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, அது எதனால் தோற்றது என்பதை ஒவ்வொருவரும் தனியாக எழுதிக் கொடுப்பது. நான்காவது மையத்தின் தலைவருக்குத் தூரச் சிக்கல் தொடக்கத்திலிருந்தே தெரியும். மற்ற மையங்களின் வெற்றி பேசப்பட்ட கூட்டத்தில் அதை எழுப்பினால் சாக்கு சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார். தோல்வியை எல்லோரும் கற்பனை செய்தாக வேண்டிய ஒரு பயிற்சியில் அவர் அதை எளிதாக எழுதிக் கொடுத்திருப்பார்.

கணக்குப் பிரிவையும் தொடக்கத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். பராமரிப்பு வருகைக்கான பில்கள் நீண்ட காலம் பழுது நீக்கத் தலைப்பிலேயே போய்க்கொண்டிருந்ததால், மையவாரியாக ஒப்பந்தத்தின் லாபம் எவ்வளவு என்பதை ஏழாம் மாதம்வரை யாராலும் சொல்ல முடியவில்லை. நான்காவது மையத்தின் இழப்பு அதனால்தான் தாமதமாகத் தெரிந்தது.

இதை எழுதும்போது, தொலைவில் உள்ள வாடிக்கையாளர்களுக்கான ஒப்பந்தத்தை ஆண்டுக் கட்டணமாக வைக்காமல், இயந்திரம் ஓடிய மணி நேரத்தையும் பயணத் தூரத்தையும் கொண்டு கணக்கிடும் விலை முறை பரிசீலனையில் இருக்கிறது. அதை முதலில் வடிவமைத்துத் தரும் பொறுப்பு நான்காவது மையத்தின் தலைவரிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஆறாவது மையத்தின் தொடக்கம் அவருடைய கணக்கு ஏற்கப்படும்வரை காத்திருக்கிறது.